கொலராடோ ஆற்றின் உப்புக் கணக்கு

ஓர் ஆறு உவர்ப்பாவதற்கு எங்கிருந்தோ உப்பு வந்து சேர வேண்டும் என்பதில்லை. தண்ணீரை எடுத்தாலே போதும். பயிர் வேரில் உறிஞ்சி இலைவழியே வெளியேற்றுவதும், நீர்த்தேக்கத்தின் பரப்பிலிருந்து ஆவியாவதும் ஏறக்குறையத் தூய நீர்தான். உப்பு அப்படியே தங்கிவிடும். 1,000 லிட்டரில் 400 கிராம் உப்பு இருந்து, அதில் 300 லிட்டர் ஆவியாகிப் போனால், மிஞ்சிய 700 லிட்டரிலும் அதே 400 கிராம் இருக்கும். லிட்டருக்கு 400 மில்லிகிராமாக இருந்த உவர்ப்பு 571 ஆகிவிடும். ஒரு சிட்டிகை உப்பைக்கூட யாரும் கொட்டவில்லை.

அமெரிக்காவின் ஏழு மாநிலங்களுக்கும் மெக்சிகோவுக்கும் நீர் தரும் கொலராடோ ஆற்றில் இந்தக் கணக்கு பெரிய அளவில் நடக்கிறது. ராக்கி மலையில் பனி உருகி இறங்கும் இடத்தில் உவர்ப்பு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைவு. எல்லைக்கு அருகே உள்ள இம்பீரியல் அணைக்கு வரும்போது அது 700 அளவில் நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டன் உப்பை ஆறு சுமந்து வருகிறது. அதில் ஏறக்குறையப் பாதி இயற்கையானது: உப்பு ஊற்றுகள், பழைய கடலடிப் படிவுகள். மீதியில் பெரும்பங்கு பாசனத்தால் வருவது. அடுத்த இடம் நீர்த்தேக்கங்களில் ஆவியாதலுக்கு.

பெரிய நீர்த்திட்டங்களின் மதிப்பீட்டில் அணைக்குக் கணக்கு உண்டு, கால்வாய்க்கு உண்டு, மின் நிலையத்துக்கும் உண்டு. வடிகாலுக்குத்தான் பல சமயம் இருப்பதில்லை. தண்ணீரைக் கொண்டுவரும் செலவு மட்டும் எழுதப்படும். அது விட்டுச்செல்லும் உப்பைக் கொண்டுபோகும் செலவை வேறு யாரோ, வேறெப்போதோ கட்டுவார்கள். மலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, டென்வர் பக்கத்து ஊர்களுக்குப் பனிநீரைத் திருப்பும் திட்டங்களும் இதில் சேர்த்திதான். அவை ஆற்றில் உப்பைச் சேர்ப்பதில்லை. உப்பை நீர்க்கச் செய்யும் மிகச் சுத்தமான நீரை எடுத்துக்கொள்கின்றன. கீழே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

அரிசோனாவின் வெல்டன்-மோஹாக் பாசனப் பகுதி இதற்கு நல்ல பாடம். அங்கே விவசாயிகள் நெடுங்காலம் நிலத்தடி நீரையே இறைத்துப் பாய்ச்சினார்கள். பாய்ச்சிய நீரின் மிச்சம் கீழே இறங்க, அதையே மறுபடி இறைக்க, ஒவ்வொரு சுற்றிலும் உப்பு ஏறியது. 1952இல் கொலராடோ நீர் கால்வாயில் வந்தது. நீர்மட்டம் வேர்ப்பகுதி வரை உயர்ந்தது. பயிரைக் காப்பாற்ற வடிகால் கிணறுகள் தோண்டி, 1961 முதல் லிட்டருக்கு ஏறக்குறைய 6,000 மில்லிகிராம் உப்புள்ள நீரை இறைத்து ஆற்றில் விட்டார்கள். அதே காலத்தில் ஆற்றில் உபரி நீரும் வற்றியது. 1963இல், மேலே ஆற்றின் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணை நிரம்பத் தொடங்கியது. எல்லையில் 800 அளவில் இருந்த உவர்ப்பு 1,500 வரை எகிறியது.

எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் மெக்சிகாலி பள்ளத்தாக்கில் அந்த நீரைப் பாய்ச்சியவர்களுக்கு இது வெறும் எண்ணல்ல. பருத்தியும் பார்லியும் உப்பை ஓரளவு பொறுக்கும். அவரை வகைகள் பொறுக்காது: உப்பின் அளவுகோலான மண்கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினால், அடுத்த ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் 19 சதவீதம் விழும். 1944 ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 65 டி.எம்.சி. தர வேண்டும். ஆனால் நீரின் தரம் பற்றி அந்த ஒப்பந்தத்தில் தெளிவாக எதுவும் இல்லை. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1973இல்தான், மெக்சிகோ நீரெடுக்கும் மோரெலோஸ் அணைக்கு மேலே தரும் நீரின் ஆண்டுச் சராசரி உவர்ப்பு இம்பீரியல் அணையில் இருப்பதைவிட 115 (30 கூடவோ குறையவோ) மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று முடிவானது. அடுத்த ஆண்டே அமெரிக்கா உவர்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது.

அந்தச் சட்டத்தின் பெரிய பிள்ளை அரிசோனாவின் யூமா உப்பகற்றும் ஆலை. வடிகால் நீரை எதிர்ச்சவ்வூடு பரவலால் (அழுத்தத்தால் நீரை மட்டும் சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிப்பது) சுத்தம் செய்து ஆற்றில் சேர்ப்பது அதன் வேலை. அங்கே நோகடிப்பது சவ்வு அல்ல, சவ்வுக்கு முந்தைய வேலை. வடிகால் நீரில் வண்டலும் பாசியும் சுண்ணாம்பு உப்புகளும் அதிகம். அப்படியே அனுப்பினால் சவ்வு சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் மணலைப் படியவிட்டு, குளோரின் கலந்து, சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்துக் கடினத்தன்மையைக் குறைத்து, வடிகட்டிகளில் விட்டு, அமிலத்தால் காரத்தன்மையைத் தணித்து, அதன் பிறகே வளிமண்டலத்தைப்போல் சுமார் 25 மடங்கு அழுத்தத்தில் சவ்வுக்குள் தள்ள வேண்டும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புக்கு ஏறத்தாழ முக்கால் வளிமண்டலம் சவ்வூடு அழுத்தம் எதிர்த்து நிற்கும். நீர் பிரியப் பிரியக் கழிவு அடர்த்தியாகும். எதிர்ப்பும் ஏறும், சுண்ணாம்புப் படிவும் மிரட்டும். முழு நீரையும் பிழிந்தெடுக்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

சுமார் 25 கோடி டாலரில் 1992இல் ஆலை தயாரானது. மூன்றில் ஒரு பங்கு திறனில் சில மாதங்கள் ஓடியது. 1993 தொடக்கத்தில் கீலா ஆற்றின் வெள்ளம் வடிகாலை உடைத்தது, ஆலையும் நின்றது. 2007இல் மூன்று மாதங்கள், 2010-11இல் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாக ஒரு சோதனை ஓட்டம். அவ்வளவுதான். வடிகால் நீர் தனிக் கால்வாயில் மெக்சிகோவின் சாந்தா கிளாரா சதுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நீர் ஒப்பந்தப் பங்கில் சேராது. ஆண்டுக்கு 1 லட்சம் ஏக்கர் அடிக்கு மேற்பட்ட இந்த இழப்பை அணைகளின் இருப்பிலிருந்து ஈடுகட்ட வேண்டும். பாலைவனத்தில் தற்செயலாகப் பிறந்த அந்தச் சதுப்பு இன்று பறவைகளின் புகலிடம். ஆலையை முழுதாக ஓட்டினால் அதற்குக் கிடைப்பது குறைந்த நீரும் கூடிய உப்பும்.

இதே சட்டத்தின் வேறொரு வேலை யாரும் படமெடுக்காத வகை: கலிபோர்னியாவின் கோச்செல்லா கால்வாயின் முதல் 49 மைலுக்குக் கான்கிரீட் பூசியது. மண்ணில் கசிந்துகொண்டிருந்த நீரில் ஆண்டுக்கு 1.32 லட்சம் ஏக்கர் அடி மிச்சமானது. சவ்வும் இல்லை, அமிலமும் இல்லை. வெல்டன்-மோஹாக்கில் 10,000 ஏக்கரைப் பாசனத்திலிருந்து விலக்கியதும் இந்த ரகம்தான். உப்பைக் கடைசியில் வடிகட்டுவதைவிட, அது கரையாமல் பார்த்துக்கொள்வது மலிவு.

மேலே, கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் வேலியில் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே மண்ணுக்கு அடியில் மாங்கோஸ் களிப்பாறை: டைனோசர் காலத்துக் கடலடிச் சேறு, உப்பும் ஜிப்சமும் நிறைந்தது. பூசாத கால்வாயிலும் வாய்க்காலிலும் கசியும் நீர் இந்தப் பாறையைத் தொட்டு உப்பை அள்ளிக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பும். கால்வாய்க்குப் பூச்சு, கிளை வாய்க்காலுக்குக் குழாய், வயலுக்குத் தெளிப்பான் என்று போட்டால், வேருக்குக் கீழே இறங்கும் நீர் குறையும். பாறையில் கரையும் உப்பும் குறையும். இதை எல்லா ஊருக்கும் பொருத்திவிடக் கூடாது. 800 மில்லிகிராம் நீரைப் பாய்ச்சி, பயிர் அதில் 80 சதவீதத்தை எடுத்துக்கொண்டால், கீழே இறங்கும் 20 சதவீதம் 4,000 மில்லிகிராம் உவர்ப்போடு இருக்கும். அந்த 20ஐயும் நிறுத்திவிட்டால் உப்பு வேரடியிலேயே தங்கிப் பயிரைக் கொல்லும். சிக்கனத்துக்கும் எல்லை உண்டு.

ஆற்றில் விழுமுன்னே உப்பைப் பிடிக்கும் இன்னொரு முயற்சி பாரடாக்ஸ் பள்ளத்தாக்கில். அங்கே கொலராடோவின் நீர்ப்படுகையைச் சேர்ந்த டொலோரஸ் ஆற்றுக்குள் ஊறும் உப்புநீர் கடல்நீரைவிட ஏழெட்டு மடங்கு உவர்ப்பு. கரையோரக் கிணறுகளால் அதை வழிமறித்து, 4 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் உள்ள பாறையில் செலுத்தினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் டன் உப்பு ஆற்றுக்குப் போகாமல் தப்பியது. ஆனால் ஆழத்தில் அழுத்தம் ஏற ஏறப் பழைய பிளவுகள் நழுவின. ஆயிரக்கணக்கான சிறு நடுக்கங்கள். 2019 மார்ச்சில் 4.5 அளவு நிலநடுக்கம் வந்தபோது பம்பை நிறுத்தினார்கள். பிறகு குறைந்த வேகத்தில்தான் மறுபடி செலுத்திப் பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் பணத்தின் பெரும்பகுதி மத்திய அரசுடையது; மாநிலங்களின் பங்கு ஆற்றின் நீர்மின் வருவாயிலிருந்து வருகிறது. இங்கேதான் சிக்கல். வறட்சியில் ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரி இறங்கினால் டர்பைனுக்கு நீர் குறையும், மின்சாரம் குறையும், உப்புக் கட்டுப்பாட்டு நிதியும் குறையும். ஆற்றில் உவர்ப்பு ஏறக்கூடியதும் அதே ஆண்டுகளில்தான்.