நிறுவிய கருவி ஏன் ஓட மறுக்கிறது?

1989-க்கு முந்தைய வேலூர்ப் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றுதான் இருக்கும். தட்டச்சில் அடித்த அந்தத் தாள்களைப் பலர் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வைத்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே சர்வே எண்ணையோ ஊர்ப் பெயரையோ தேட முடியாது. அது வெறும் படம். படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைப் பொருத்தித் தேடும்படி செய்கிறது ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இலவசக் கருவி. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில் ஓடுவது. நிறுவுவது ஒரு வரி வேலை, ஓட வைப்பதில்தான் சிக்கல்.

உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், பைத்தான் மொழி நிரல்களை நிறுவும் பிப் மூலம் நிறுவப் போனால் வாசலிலேயே தடுக்கும். அந்தக் கணினியின் பைத்தானை உபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட் நிர்வகிக்கிறது, பிப் அதில் கை வைக்கக் கூடாது என்பதே அந்தச் செய்தியின் சாரம். மீறுவதற்கு ஒரு வழி உண்டு: கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற சுவிட்ச். பெயரே சொல்லிவிடுகிறது, போடாதீர்கள். பிப்எக்ஸ் என்ற இன்னொரு நிறுவி கொண்டு நிறுவினால் கருவி தனி அறையில் குடியேறும். நிறுவியும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வந்தால் 'பிப்எக்ஸ் என்ஷூர்பாத்' கொடுத்து, புது டெர்மினல் திறக்க வேண்டும்.

அடுத்த பிழை டெசராக்ட் இல்லை என்பது. அதைப் போட்டால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லை என்பது. எல்லாம் நிறுவியாயிற்றே என்று தோன்றும். பிப்பும் பிப்எக்ஸும் பைத்தான் பேக்கேஜ்களை மட்டுமே கொண்டுவரும். ஓசிஆர்மைபிடிஎஃப் பைத்தானில் எழுதிய மேஸ்திரி. எழுத்தைப் படிக்கிற டெசராக்ட் சி++ நிரல், பிடிஎஃப்பைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் சி நிரல். இந்தக் கூலியாட்கள் ஆப்ட் பட்டியலில் இருப்பவர்கள். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர் கோஸ்ட்ஸ்கிரிப்ட்' என்றால் இருவரும் வந்துவிடுவார்கள். பக்க அழுக்கை நீக்கும் 'கிளீன்' சுவிட்சைப் போட்டால் அன்பேப்பர் என்ற நிரலும் தேவைப்படும். சுவிட்ச் போடாத வரை அது இல்லாதது தெரியவே தெரியாது.

புதிய பதிப்புதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் கருவியையே ஆப்ட் மூலம் நிறுவுவது நல்லது. பதிப்பு சற்றுப் பழையது, ஆனால் டெசராக்டும் கோஸ்ட்ஸ்கிரிப்டும் கூடவே வரும்.

அப்போதும் தமிழ் வராது! டெசராக்ட் நிறுவும்போது கூட வருவது ஆங்கிலத் தரவும், பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்கும் தரவும் மட்டுமே. தமிழைக் கேட்டால் அந்த மொழிக்குத் தரவு இல்லை என்று கருவி நின்றுவிடும். இந்தக் குறையை ஆப்ட் தானாகக் கண்டுபிடிக்காது. நீங்கள் எந்த மொழியைக் கேட்கப்போகிறீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' என்ற பேக்கேஜைத் தனியாக நிறுவ வேண்டும். 'டாம்' என்பது டி, ஏ, எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். டி, ஏ என்று இரண்டோடு நிறுத்தினால் ஏற்காது. வந்துவிட்டதா என்று 'டெசராக்ட் --லிஸ்ட்-லாங்ஸ்' காட்டும். பத்திரத்தில் ஆங்கில முத்திரைகளும் கலந்திருப்பதால் ஓட்டும்போது 'டாம்+எங்' என்று இரு மொழியும் கொடுப்பது நல்லது. நடுவில் இடைவெளி கூடாது.

நூற்றுக்கணக்கான கோப்புகளை ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. தேவையான நிரலோ மொழித் தரவோ இல்லாமல் நின்றால் இந்தக் கருவி திருப்பித் தரும் எண் 3. ஓடி முடிந்ததும் 'எக்கோ' கட்டளையில் டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்துக் கொடுத்தால் அந்த எண் தெரியும். 3 என்றால் ஸ்கேனைக் குறை சொல்ல வேண்டாம், கணினியில்தான் ஏதோ இல்லை. 2 என்றால் கொடுத்த கோப்பில் கோளாறு.

பிப்எக்ஸ் மூலம் நிறுவி நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி, உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றியதும் படுத்துவிடுவதும் உண்டு. 'ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற மாட்யூல் இல்லை' என்று வரும். தேடிப் பார்த்தால் கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கும். அவை கிடப்பது பைத்தான் 3.10 என்ற அடைவில் (ஃபோல்டரில்). புதிதாக வந்த 3.12 தன் பெயருள்ள அடைவில் மட்டுமே தேடும். 'பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்' கொடுத்தால் தீர்ந்தது.

தமிழ்த் தரவுக் கோப்பை இணையத்தில் இறக்கிக் கையால் நகலெடுத்து வைத்தவர்களுக்கு அதே ஏற்றத்தில் இன்னொரு இடி. 22.04-ல் டெசராக்ட் தன் தரவை '4.00' என்ற அடைவில் தேடும், 24.04-ல் '5' என்ற அடைவில். பழைய இடத்தில் வைத்த கோப்பு அங்கேயே கிடக்கும், கருவியோ தமிழ் இல்லை என்று சாதிக்கும். ஆப்ட் மூலம் வந்த தரவு பதிப்போடு சேர்ந்து தானே இடம் மாறும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கூட்டெழுத்தில் கையால் எழுதிய பழைய பத்திரம் படிக்க வரவில்லையா? அதற்கு நிறுவ வேண்டியது எதுவும் பாக்கியில்லை. டெசராக்ட் அச்செழுத்துக்கானது. தட்டச்சுத் தாளாக இருந்தும் சொதப்பினால், 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள்.