லோடு ஃப்ளோ: மின்திறன் பாய்வுக் கணிப்பு

மின் பொறியியல் மாணவர்கள் 'லோடு ஃப்ளோ அனாலிசிஸ்' என்று படிப்பதும், மின்தொடரமைப்பைத் திட்டமிடும் பொறியாளர்கள் 'லோடு ஃப்ளோ ஸ்டடி' என்று சொல்வதும் ஒன்றே. மின் நிலையங்களும் துணை மின் நிலையங்களும் அவற்றை இணைக்கும் மின்பாதைகளும் சேர்ந்த ஒரு வலையமைப்பில், இன்ன இடத்தில் இவ்வளவு உற்பத்தி, இன்ன இடத்தில் இவ்வளவு தேவை என்று கொடுத்துவிட்டால், ஒவ்வோர் இடத்திலும் மின்னழுத்தம் எவ்வளவு இருக்கும், ஒவ்வொரு மின்பாதையிலும் எவ்வளவு திறன் எந்தத் திசையில் செல்லும் என்பதைக் கணித்துச் சொல்லும் முறைக்கு அந்தப் பெயர். வாய்க்காலில் மடையை அடைத்துத் தண்ணீரை வேண்டிய பக்கம் திருப்புவதுபோல மாறுதிசை மின்னோட்ட வலையமைப்பில் திறனை எளிதில் திருப்ப முடியாது. இருக்கும் எல்லா வழிகளிலும் அது தானே பிரிந்து செல்லும். எந்தப் பாதை தாங்கும், எது தாங்காது என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

'லோடு' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்பனவே பொருள். காந்தக்கல்லைக் குறிக்கும் 'லோடுஸ்டோன்', துருவமீனைக் குறிக்கும் 'லோடுஸ்டார்' ஆகிய சொற்களில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாரம் என்ற பொருள் பின்னால் வந்தது. மின்னியல் அதைத்தான் எடுத்துக்கொண்டு, கருவிகள் இழுக்கும் மின்தேவைக்குப் பெயராக்கியது. தமிழ்நாட்டில் மின் இணைப்பு தொடர்பான படிவங்களில் இதற்கு 'மின்பளு' என்ற நல்ல சொல் புழக்கத்தில் உள்ளது. பாடநூல்களில் 'சுமை' என்றும் வரும். ஆனால் பளுவும் சுமையும் பாய்வதில்லை. அவை இருக்கும் இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை நோக்கிப் பாய்வது திறன். 'சுமைப் பாய்வு' என்ற நேர் பெயர்ப்பைப் படிக்கும் ஒருவருக்கு எது எங்கே பாய்கிறது என்று புரியாமல் போவது அவர் குற்றமன்று.

ஆங்கிலத்திலும் இந்தக் குறை உணரப்பட்டு 'பவர் ஃப்ளோ' என்ற பெயர் உடன்வழங்குகிறது. மின்னணுக் கணினியில் இக்கணக்கைச் செய்துகாட்டிய முன்னோடிக் கட்டுரைகளுள் ஒன்றான வார்டு, ஹேல் இருவரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையும், பின்னால் விளக்கப்படும் நியூட்டன் முறையை நிலைநாட்டிய டின்னி, ஹார்ட் இருவரின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரையும் தலைப்பிலேயே 'பவர் ஃப்ளோ' என்கின்றன. 1974இல் ஸ்டாட்டும் அல்சாக்கும் எழுதிய கட்டுரையோ மீண்டும் 'லோடு ஃப்ளோ' என்கிறது. பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

தமிழில் 'பவர்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திறன் என்றும் இலங்கைப் பாடநூல்கள் வலு என்றும் எழுதுகின்றன. திறன் என்பது ஒருவரின் ஆற்றலையும் தேர்ச்சியையும் குறிக்கும் பொதுச்சொல்லாக இருப்பதால் 'மின்' என்ற முன்னொட்டு தேவைப்படுகிறது. 'ஃப்ளோ' என்பதற்கு ஓட்டம் பொருந்தாது. மின்னோட்டம் என்பது ஏற்கனவே வேறோர் அளவுக்குப் பெயராகிவிட்டது. ஆகவே மின்திறன் பாய்வு என்பதே தக்கது. 'பகுப்பாய்வு' என்பது பகுப்பும் ஆய்வும் சேர்ந்த சொல்லாயினும், 'பாய்வுப் பகுப்பாய்வு' என்று சொல்லும்போது ஒரே ஒலி இருமுறை வந்து காதை உறுத்துகிறது. இங்கு நடப்பது உண்மையில் எண்ணியல் கணக்கீடு என்பதால் 'மின்திறன் பாய்வுக் கணிப்பு' என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன்.

துணைச் சொற்களில் முதன்மையானது 'பஸ்'. எல்லோருக்கும் என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் கடைக்குறுக்கம் அது. சாலையில் ஓடும் பேருந்துக்கும், பல மின்பாதைகள் வந்து சேரும் பஸ்பார் என்ற உலோகச் சட்டத்துக்கும் அதுவே மூலம். கணக்கில் அது ஒரு புள்ளி மட்டுமே என்பதால் 'கணு' போதும். ஒவ்வொரு கணுவுக்கும் நான்கு அளவுகள் உண்டு: மெய்த்திறன் (உண்மையில் வேலை செய்வது), எதிர்வினைத் திறன் (வேலை செய்யாமல் முன்னும் பின்னும் ஊசலாடுவது), மின்னழுத்தத்தின் அளவு, அதன் கோணம் (மின்னழுத்த அலை மற்றக் கணுக்களின் அலைக்கு எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது). இவற்றுள் இரண்டு தெரியும். மற்ற இரண்டைக் கண்டறிய வேண்டும். மின்பளுக் கணுவில் தெரிந்தவை இரு திறன்கள். மின்னாக்கிக் கணுவில் மெய்த்திறனும் மின்னழுத்த அளவும்.

'ஸ்லாக் பஸ்' என்பது ஏன் வேண்டும் என்பதை, உலகெங்கும் சோதனைக்குப் பயன்படும் 14 கணு வலையமைப்பில் காணலாம். 1962இல் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் இருந்த மின்தொடரமைப்பின் ஒரு பகுதி அது. அதன் மொத்தப் பளு 259 மெகாவாட். இரண்டாம் கணுவின் மின்னாக்கி 40 மெகாவாட் தருகிறது. எஞ்சிய 219ஐ முதற்கணு தரும் என்று முடித்துவிட முடியாது. மின்பாதைகளில் இழப்பு உண்டு, அந்த இழப்போ பாய்வு தெரியும்வரை தெரியாது. எனவே ஒரு மின்னாக்கியின் திறனைச் சொல்லாமல் விட்டு, மிச்சத்தை அதன் தலையில் ஏற்றுகிறார்கள். கணக்கு முடியும்போது முதற்கணு ஏறத்தாழ 232.4 மெகாவாட் தருகிறது; இழப்பு 13.4 மெகாவாட் அளவில் அமைகிறது. 'தளர்வுக் கணு' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. 'ஈடுகட்டும் கணு' என்றால் அதன் வேலை விளங்கும்.

கணினிக்கு முன் இது கணக்கே அன்று, அளவீடு. 1929இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்த 'நெட்வொர்க் அனலைசர்' என்ற கருவியில் மின்தொடரமைப்பின் சிறுவடிவத்தைச் சுற்றுகளாகக் கட்டி, அளவிகளால் விடையைப் படித்தார்கள். 1950களில் கணினி வந்ததும் காஸ்-சீடல் முறை கைகொடுத்தது: எல்லா மின்னழுத்தங்களுக்கும் ஓர் உத்தேச மதிப்பு கொடுத்து, ஒவ்வொரு கணுவாகத் திருத்தி, திருத்திய மதிப்பை உடனே அடுத்த கணுவுக்குப் பயன்படுத்தி, மாற்றம் மிகச் சிறிதாகும்வரை சுற்றிச் சுற்றி வருவது. நினைவகம் குறைவாகப் போதும். ஆனால் கணுக்கள் பெருகப் பெருகச் சுற்றுகளும் பெருகும்.

நியூட்டன்-ராப்சன் முறை எல்லாச் சமன்பாடுகளையும் ஒருசேரத் திருத்துகிறது. மேற்சொன்ன வலையமைப்பில் 13 கோணங்களும் 9 மின்னழுத்த அளவுகளுமாக 22 மாறிகள். ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். விடையை நெருங்கியபின் ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிப்பதால் பெரிய வலையமைப்புக்கும் சில சுற்றுகளே போதும். முதலில் இதைக் கையாளத் தயங்கவைத்தது அணிகளின், அதாவது எண்களை வரிசையிலும் நிரலிலும் அடுக்கிய அட்டவணைகளின், பருமன். ஆனால் கணுக்களின் இணைப்பைக் காட்டும், 14 வரிசையும் 14 நிரலுமாக 196 உறுப்புகள் கொண்ட அணியில் 54 மட்டுமே பூச்சியமல்லாதவை. ஏனெனில் கணுக்களை இணைப்பவை 20 கிளைகளே. அந்தப் பூச்சியங்களைச் சேமிக்காமலும் பெருக்காமலும் விடும் உத்தியை டின்னியும் உடன் ஆய்ந்தோரும் வகுத்த பிறகே நியூட்டன் முறை நடைமுறைக்கு வந்தது. கணிப்பின் நேரடி விடை மின்னழுத்தங்களே, பாய்வு அவற்றிலிருந்து பெறப்படுவது என்பதும் இங்கே தெளிவாகும். பெயரோ அதைச் சொல்வதில்லை.

மெய்த்திறன் பெரிதும் கோணங்களையும், எதிர்வினைத் திறன் பெரிதும் மின்னழுத்த அளவுகளையும் சார்ந்திருப்பதால், இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்கலாம் என்பது ஸ்டாட், அல்சாக் இருவரின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரை தந்த விரைவுப் பிரிப்பு முறை. உயர் அழுத்த மின்பாதைகளில் இது நன்றாகச் செல்லும். மின்தடை மிகுந்த பகிர்மானப் பாதைகளில் தடுமாறும்.

கடைசியாக, 'டிசி லோடு ஃப்ளோ'. இதை 'நேர்த்திசை மின்னோட்டப் பாய்வு' என்று பெயர்த்தால் பிழை. இதில் நேர்த்திசை மின்னோட்டம் எங்கும் இல்லை. மின்னழுத்த அளவுகளை எல்லாம் அவற்றின் இயல்பு மதிப்பே, அதாவது விகிதத்தில் ஒன்று, எனக் கொண்டு, மின்தடையையும் எதிர்வினைத் திறனையும் விட்டுவிட்டு, கோணங்களை மட்டும் வைத்துச் செய்யும் தோராயம் அது. சமன்பாடுகள் நேரியலாகிவிடுவதால் ஒரே வீச்சில் விடை வரும். 'நேரியல் மின்திறன் பாய்வு' என்பதே அதற்கு உரிய பெயர். இழப்பு என்ற ஒன்று அதில் இல்லாததால், 14 கணு வலையமைப்பின் முதற்கணு அங்கே சரியாக 219 மெகாவாட்டே தரும்.