ஹால்ஸ் போட்டா சிகரெட் நாத்தம் போயிடுமா?

எங்கப்பா நைட்டு வேலை முடிஞ்சு வரும்போது கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிற கொய்யா மரத்துல ரெண்டு கொழுந்து கிள்ளி வாயில போட்டு மென்னுகிட்டே தான் செருப்பக் கழட்டுவாரு. அப்புறம் நேரா பின்பக்கம் போயி பைப்படியில உக்காந்து சோப்பு போட்டு ஆள்காட்டி விரலயும் நடுவிரலயும் தேய் தேய்னு தேய்ப்பாரு, வாய் கொப்பளிப்பாரு, அதுக்கப்புறம் தான் வீட்டுக்குள்ள வருவாரு. அவர் மனசுல யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கு ஏழு வயசுலயே தெரியும், அம்மாவுக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும், அவரு வாயத் திறக்கவே வேணாம், வந்து சேர்ல சாஞ்சாலே போதும். பின்னாடி காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சப்போ தான் எனக்கு விஷயம் புரிஞ்சது, நாத்தம் ஒட்டியிருந்த இடத்துல பாதிய அவரு தொடவே இல்ல.

எந்தப் பெட்டிக்கடையில வேணா பாருங்க, சிகரெட் அடுக்கி வச்சிருக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி ஹால்ஸ் டப்பாவும் சென்டர் ஃப்ரெஷ் டப்பாவும் இருக்கும், "ஒரு கிங்ஸ், ஒரு ஹால்ஸ்"னு ரெண்டையும் சேர்த்தே தான் கேப்பாங்க. அதாவது நாத்தம் வாயில இருக்கு, வாய சரி பண்ணிட்டா முடிஞ்சதுன்னு ஒரு நம்பிக்கை. இந்த நம்பிக்கையில தான் தப்பு ஆரம்பிக்குது.

முதல்ல அந்தப் புகை என்னன்னு பாப்போம். ஒரு சிகரெட் புகையில 7000-க்கும் மேல கெமிக்கல்ஸ் இருக்கு, அதுல 70 கிட்ட கேன்சர் வரவைக்கக்கூடியது. இழுக்கும்போது நுனியில இருக்கிற கங்கு கிட்டத்தட்ட 900 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாகும், இழுக்காம விரல் நடுவுல சும்மா பிடிச்சிட்டு பேசிட்டு இருக்கும்போது 600 டிகிரி கிட்ட இறங்கிடும். சூடு இறங்குறது நல்லது தானேன்னு தோணும், ஆனா அப்ப தான் இலை சரியா எரியாம புகைஞ்சிட்டே இருக்கு, ஈர விறகு வச்ச அடுப்பு மாதிரி, அமோனியா, பிரிடின் மாதிரி மூக்கக் குத்துற ஐட்டம் எல்லாம் இந்த சும்மா புகையிற புகையில தான் ரொம்ப அதிகம். அந்தப் புகை வாய்க்குள்ள போகவே போறதில்ல. ஃபில்டரும் கிடையாது. நேரா மேல எழும்பி கை, சட்டை, தாடி, தலைமுடின்னு போயி உக்காருது. ஹால்ஸ் எவ்வளவு தான் வேலை செஞ்சாலும் சட்டைக்கு யாரு ஹால்ஸ் கொடுக்கிறது?

நாத்தம்னு நாம சொல்றது ஒரே ஒரு பொருளோட வாசனையும் இல்ல. பிரிடின் குடும்பம் இருக்கு, ஆறிப்போன ஆஷ்ட்ரேய மோந்தா வருமே அந்தப் புளிச்ச, மீன் கலந்த மாதிரி வாடை, அது பெரும்பாலும் இவங்க வேலை. குவையகால், கிரெசால்னு ஃபீனால் வகை இருக்கு, அது கருகின வாசனையும் ஆஸ்பத்திரி ஃபினாயில் வாசனையும் சேர்ந்த மாதிரி இருக்கும். கண்ண எரிய வைக்கிற ஆல்டிஹைடு இருக்கு, கொஞ்சம் கந்தக வகையும் இருக்கு. இதுல ஒண்ணுக்கு வேலை செய்யிற மருந்து இன்னொண்ணுக்கு வேலை செய்யாது, இத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மிச்சம் எல்லாம் இதுல இருந்து தான் வருது.

இப்ப ஹால்ஸ். அதுல இருக்கிற மென்தால் நாக்குலயும் மூக்குலயும் இருக்கிற குளிர உணர்ற ஒரு புரதத்த தட்டி விடுது, டிஆர்பிஎம்8னு பேரு, நிஜமாவே குளிர்ந்த காத்து பட்டா எந்த சுவிட்ச் ஆன் ஆகுமோ அதே சுவிட்ச் தான். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ரெண்டு பேரும் தனித்தனியா 2002-ல இத மென்தால வச்சே கண்டுபிடிச்சாங்க, சூடு, குளிர், தொடு உணர்வு பத்தின அவங்க ஆராய்ச்சிக்கு தான் 2021-ல நோபல் கிடைச்சது. ஆனா பாருங்க, குளிர்ச்சி யாருக்கு? மிட்டாய வாயில வச்சிருக்கிறவருக்கு. அவருக்கு வாய் கழுவி விட்ட மாதிரி ஃப்ரெஷ்ஷா இருக்கும், உள்ள இருக்கிற பிரிடின்ல ஒரு துளி கூட குறையல. எதிர்ல நிக்கிறவங்களுக்கு புதினாவும் சிகரெட்டும் சேர்ந்து வரும், அது வெறும் சிகரெட்ட விட சீக்கிரம் காட்டிக் கொடுத்துடும், ஏன்னா அந்தக் கலவைய ஊர்ல எல்லாரும் மோந்து பழகியாச்சு.

கிராம்பு மெல்லுறவங்க நிறைய பேரு. கிராம்போட வாசனை யூஜினால்ல இருந்து வருது, அது கெமிஸ்ட்ரி படி குவையகாலோட ஒன்னு விட்ட தம்பி, அதே மூலக்கூறு மேல ஒரு சின்ன வால் ஒட்டின மாதிரி. அதனால கிராம்பு வாசனை புகை வாசனைய மறைக்கிறத விட அதோட ஒட்டிக்கிட்டு போயிடும். அப்பாவோட கொய்யா இலை கத கொஞ்சம் வேற. பச்சை இலையில பாலிஃபீனால் இருக்கு, அத ஆக்சிஜனோட சேர்த்து விடுற என்சைமும் இருக்கு, மெல்லும்போது இது ரெண்டும் கலந்து கந்தக வகை வாசனையப் பிடிச்சுக் கட்டிப் போட்டுடும். பூண்டு நாத்தத்துக்கு வேக வைக்காத ஆப்பிள் துண்டும் புதினா இலையும் நல்லா கேக்குதுன்னு 2016-ல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டில செஞ்சு காட்டினாங்க, காரணம் இது தான். ஆக கொய்யா இலை முட்டாள்தனம் இல்ல, நம்ம ஆளுங்க அனுபவத்துல பிடிச்சது தான். ஆனா பூண்டு நாத்தம் முழுக்க கந்தகம், சிகரெட் நாத்தத்துல கந்தகம் ஒரு ஓரம் தான், பிரிடினுக்கு அந்த என்சைம்னால ஒண்ணும் ஆகாது.

வாய விட்டுட்டு உள்ள போவோம். கடைசி இழுப்ப இழுத்து கட்டைய கீழ போட்டு மிதிச்சதுக்கு அப்புறமும் நுரையீரல்ல மிச்சப் புகை இருக்கும், முழுசா வெளிய வர கிட்டத்தட்ட ஒரு நிமிஷம், எட்டு ஒம்பது மூச்சு ஆகும். பஸ் வந்துடுச்சுன்னு சிகரெட்ட போட்டுட்டு ஓடி ஏறி உங்க பக்கத்துல உக்காருவாரே, அவரு கையில சிகரெட் இல்லாமலே பஸ்ஸுக்குள்ள புகை விட்டுட்டு தான் இருக்காரு. இது போக ரத்தத்துல கரைஞ்ச சரக்கு இருக்கு. 2,5-டைமெத்தில்ஃபியூரான், அசிட்டோநைட்ரைல் மாதிரி சிலது ரத்தத்துல இருந்து நுரையீரலுக்கு வந்து மூச்சோட வெளிய போகுது, அசிட்டோநைட்ரைல் நிறைய பிடிக்கிறவங்க மூச்சுல நாள்கணக்குல நிக்கும். அது மூக்குக்குத் தெரியாத அளவு தான், மெஷினுக்கு தெரியும். பல்லு எத்தன தடவ விளக்கினாலும் இது நிக்காது, பிரஷ் ரத்தத்துக்குள்ள போகாதில்ல. கூடவே வருஷக்கணக்கா பிடிக்கிறவங்களுக்கு ஈறு நோய் அதிகம், அதுல வளர்ற பாக்டீரியா தனியா ஒரு கந்தக நாத்தத்த விடும், அது சிகரெட் பிடிக்காத நேரத்துலயும் இருக்கும்.

விரல்ல மட்டும் ஒரு நல்ல தந்திரம் இருக்கு, அது எலுமிச்சம்பழம். நிக்கோட்டினும் பிரிடினும் காரத்தன்மை உள்ளது, எலுமிச்சையோட சிட்ரிக் ஆசிட் பட்டா உப்பா மாறிடும், உப்பு ஆயிட்டா ஆவியாகாது, ஆவியாகலன்னா மூக்குக்கு வராது, தண்ணி விட்டா கரைஞ்சு ஓடிடும். மீன் கழுவின கைக்கு எலுமிச்சை தேய்க்கிறோமே, அதே கணக்கு தான். சாதாரண கட்டி சோப்பு பிஹெச் 9, 10 இருக்கும், அது காரம், அதனால பிரிடின உப்பாக்கி அடக்குற வேலைய அது செய்யாது. ஆனா விரல்ல மஞ்சளா ஏறியிருக்கிற தார், எண்ணெய்ப் பிசுக்கு மாதிரியான பொருள், அதுக்கு சோப்பு தான் வேணும். ரெண்டும் போட்டா தான் விரல் ஓரளவு சுத்தமாகும், அப்பா வெறும் சோப்போட நிறுத்திட்டாரு.

உண்மையான சிக்கல் துணியும் முடியும். புகைத் துகள் ஒண்ணு தலைமுடி தடிமன்ல நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது, பருத்தி நூலு நூலா இருக்கிற துணிக்குள்ள அது பூந்துடும், கூட வர்ற ஆவி நூல் மேல ஒட்டிக்கும். அப்புறம் மணிக்கணக்குல, நாள்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா காத்துல திரும்ப விடும். இதுக்கு மேல சென்ட் அடிச்சா என்னாகும்? சென்ட்ல முதல்ல தூக்கலா வர்ற எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை எல்லாம் சட்டுனு ஆவியாகிற மூலக்கூறு, அரை மணி நேரத்துல பறந்துடும், அடியில இருக்கிற ஃபீனாலும் நிக்கோட்டினும் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது, அது நிதானமா சாயங்காலம் வரைக்கும் வந்துட்டே இருக்கும். ஈரம் பட்டா இன்னும் மோசம், தண்ணி மூலக்கூறு வந்து நூல்ல ஒட்டின இடத்தப் பிடிச்சுக்கிட்டு பழைய ஆள வெளிய தள்ளுது, அதனால தான் வேர்த்தா, மழையில நனைஞ்சா சட்டை திடீர்னு அதிகமா நாறும். பைக் ஓட்டுறவங்க ஹெல்மெட் உள்ள இருக்கிற பஞ்சு இதுக்கெல்லாம் மேல, வேர்வை, முடி எண்ணெய், புகை மூணும் தினமும் ஊறுது, யாரும் அத துவைக்கிறதும் இல்ல.

சில ஸ்ப்ரேயில சைக்ளோடெக்ஸ்ட்ரின்னு ஒண்ணு போடுறாங்க, மாவுச்சத்துல இருந்து செய்யிற சர்க்கரை வளையம், நடுவுல ஓட்டை, வாசனை மூலக்கூறு அந்த ஓட்டைக்குள்ள போயி மாட்டிக்கும். வெறும் சென்ட்ட விட இது எவ்வளவோ மேல், ஆனா துவைக்கிறதுக்கு ஈடாகாது. பாத்ரூம்ல பிடிச்சுட்டு ஊதுபத்தி கொளுத்துறவங்களுக்கு ஒரே வார்த்தை, ஊதுபத்தியும் புகை தான், புகை மேல புகை சேருது, அவ்வளவு தான். ஓசோன் மெஷின் வச்சு கார் கழுவுற கடைக்காரங்க இருக்காங்க, ஓசோன் நாத்தத்த உடைக்கும் உண்மை தான், ஆனா அது நிக்கோட்டினோட சேர்ந்து அதவிட நுண்ணிய துகள உண்டாக்கும், அந்த காருக்குள்ள உடனே ஏறி உக்காரக் கூடாது.

நாத்தம் மட்டும் தான் பிரச்சனைன்னா நான் இவ்வளவு எழுத மாட்டேன். துணியிலயும் சுவத்துலயும் ஒட்டி இருக்கிறதுக்கு மூணாம் கை புகைன்னு 2009 வாக்குல பேரு வச்சாங்க. 2010-ல கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துல, பொருள்கள் மேல படிஞ்ச நிக்கோட்டின் காத்துல இருக்கிற நைட்ரஸ் அமிலத்தோட சேர்ந்து நைட்ரோசமைன்னு கேன்சர் வகைப் பொருளா மாறுதுன்னு காட்டினாங்க, அந்த நைட்ரஸ் அமிலம் வேற எங்கயும் இருந்து வர வேணாம், வீட்டு கேஸ் அடுப்பு எரிஞ்சாலே வரும். அப்புறம் 2020-ல யேல் யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு வேலை பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இது. ஜெர்மனியில மைன்ஸ் நகரத்துல ஒரு சினிமா தியேட்டர், உள்ள யாரும் புகை பிடிக்கக் கூடாது, நல்ல காத்தோட்டம். அங்க காத்த நாள்கணக்குல அளந்தாங்க, ஒவ்வொரு ஷோவுக்கும் ஜனம் உள்ள வரும்போது நிக்கோட்டினும் மத்ததும் சட்டுனு ஏறுது, படம் ஓட ஓட மெல்ல இறங்குது. குழந்தைங்க படத்துக்கு கம்மி, பெரியவங்க படத்துக்கு ஜாஸ்தி. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா, சில வாயுக்கள் கணக்குல, ஒண்ணுல இருந்து பத்து சிகரெட்டோட பக்கத்துப் புகைய சுவாசிச்ச அளவு. எல்லாம் ஜனங்க சட்டையில வந்தது.

இப்ப வாய் மட்டும் கழுவிட்டு, ஹால்ஸ் போட்டுட்டு கைக்குழந்தைய தூக்கி தோள்ல சாய்ச்சுக்கிறத நினைச்சுப் பாருங்க. அது முகத்த வைக்கிறது அந்த சட்டையில தான், சப்புறதும் அந்தக் காலர தான். நிறுத்த முடியலன்னா கூட, தூக்குறதுக்கு முன்னாடி சட்டைய மாத்துங்க, தலைக்கு தண்ணி ஊத்துங்க, ரெண்டு நிமிஷ வேலை.

இவ்வளவு நாத்தம் இருந்தும் பிடிக்கிறவருக்கு மட்டும் ஏன் தெரியல? ஒரே வாசனை விடாம வந்தா மூக்கு சில நிமிஷத்துல அத கண்டுக்காம விட்டுடும், சாக்கடை ஓரத்துல கடை வச்சிருக்கிறவருக்கு சாக்கடை நாறாதது இதனால தான். அதோட புகை மூக்கோட வாசனை பிடிக்கிற திறனையே மங்க வச்சிடும். ஆக "இப்ப நாறுதா இல்லையா"ன்னு சோதிச்சுப் பாக்கிற கருவியே அவருகிட்ட பழுதாகி இருக்கு, அத நம்பி தான் அவரு வீட்டுக்குள்ள வராரு.

அப்பா நிறுத்தினது நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில படுத்து எழுந்ததுக்கு அப்புறம். ரெண்டு மாசம் கழிச்சு டாக்டர் வண்டி ஓட்டலாம்னு சொன்ன அன்னிக்கு பரண் மேல இருந்து ஹெல்மெட்ட எடுத்து துடைச்சு தலையில மாட்டினாரு, மாட்டின வேகத்துல கழட்டி மூக்குகிட்ட வச்சுப் பாத்தாரு. "இத யாரு எடுத்துப் போட்டா?"ன்னு கேட்டாரு. யாரும் போடலப்பா, உங்களது தான்னேன். கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தாரு. அப்புறம் உள்ள இருந்த பஞ்ச எல்லாம் பிச்சு எடுத்து பைப்படிக்கு கொண்டு போயி வாளித் தண்ணியில முக்கினாரு, தண்ணி டீ கலர்ல இறங்குச்சு.