பத்தில் நாலு, பதினெட்டில் சைபர்

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது, ஒரு கீமோவுக்கு அப்புறம் இன்னொரு கீமோவும் கேட்கவில்லை என்றால், வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "இம்யூனோதெரபி டிரயல் ஏதாவது இருக்கா?" அதாவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மேல் ஏவும் மருந்துக்கான சோதனை. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் பழைய பயாப்ஸி ஃபைலைப் பிரித்து, எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு) அல்லது எம்எஸ்ஐ (அது பழுதானதால் டிஎன்ஏவில் தெரியும் தடயம்) என்று எழுதியிருக்கும் வரியைத் தேட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2015-ல் வெளியிட்ட சிறிய ஆய்வுதான் இந்த வரியைப் பிரபலமாக்கியது. பெருங்குடல் புற்று முற்றியவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எம்எம்ஆர் குறைபாடு இருந்த 10 பேரில் 4 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. குறைபாடு இல்லாத 18 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று.

செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்கிறது. எழுத்துப்பிழை வரும், அதைத் திருத்தும் புரூஃப் ரீடர்தான் எம்எம்ஆர். அது வேலை செய்யாவிட்டால் பிழைகள் குவியும். அதே ஆய்வில் குறைபாடுள்ள கட்டிகளில் சராசரியாக 1,782 மரபணுப் பிழைகள், மற்றவற்றில் 73. பிழையான புரதங்கள் உடம்புக்கு அந்நியமாகத் தெரிவதால், எதிர்ப்புச் சக்தியின் படையான டி செல்கள் மோப்பம் பிடித்து வந்துவிடுகின்றன. கட்டியோ அவற்றின் பிடி-1 என்ற பிரேக்கை மிதித்து நிறுத்தி வைக்கிறது. மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது, அவ்வளவுதான். டி செல்லே வராத கட்டியில் பிரேக்கை விட்டு என்ன பயன்?

இந்தக் குறைபாட்டை நோயியல் மருத்துவர் கண்ணாலேயே பார்க்கிறார். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என நான்கு புரதங்களுக்குத் தனித்தனியாகச் சாயம் ஏற்றுவார்கள். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பு. இல்லையென்றால் வெறும் நீலம். கட்டியின் உட்கருக்கள் நீலமாகவும், இடையில் சிக்கிய சாதாரண செல்கள் பழுப்பாகவும் தெரிந்தால் குறைபாடு உண்டு. சாயம் சரியாக ஏறியிருக்கிறது என்பதற்கு அந்தப் பழுப்புச் செல்களே சாட்சி.

குறைபாடு இருந்தால் டிரயலைத் தேடி அலைய அவசியமில்லை. 307 பேரை வைத்து நடந்த கீநோட்-177 ஆய்வில், நோய் மறுபடி வளராமல் இருந்த இடைநிலைக் காலம் கீமோவில் 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதம். இன்று அது முதல் வரிசைச் சிகிச்சை. ஆனால் பரவிய நிலையில் இருப்பவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான் இந்த யோகம்.

டிரயல் பேச்சு உண்மையில் நூற்றில் மீதி 95 பேருடையது. அங்கே பாதை கரடுமுரடு. பிரேக்கை விடுவிக்கும் அட்டெசோலிசுமாபுடன் கோபிமெட்டினிப் என்ற மாத்திரையைச் சேர்த்து 363 பேரிடம் சோதித்தார்கள். பழைய மருந்தை அது மிஞ்சவில்லை. போட்டென்சிலிமாப், பால்ஸ்டிலிமாப் என்ற இம்யூனோதெரபி ஜோடி கொஞ்சம் நம்பிக்கை தந்தது, அதுவும் பெரும்பாலும் கல்லீரலில் கட்டி இல்லாதவர்களிடம். கல்லீரலில் என்ன சிக்கல்? எலிகளில் பார்த்தபோது, அங்குள்ள மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் டி செல்களை இழுத்து வைத்துச் சாகடிப்பது தெரிந்தது. சில டிரயல்கள் கல்லீரல் ஸ்கேனைப் பார்த்துவிட்டே ஆள் எடுப்பது இதனால்தான்.

டிரயல் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். முதல் கட்டத்தின் முக்கிய வேலை, எவ்வளவு டோஸ் தாங்கும் என்று பார்ப்பது. பலன் கிடைக்கலாம், அதற்காக அமைத்த சோதனை அல்ல அது. பிரேக் இல்லாத டி செல்கள் சொந்தக் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் தாக்கக்கூடும். கூடுதல் பயாப்ஸி, அடிக்கடி பயணம் என்று நல்ல நாட்களில் ஒரு பங்கு ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். இதையெல்லாம் எடை போட்டு "வேண்டாம்" என்பவரைக் கோழை என்று நான் நினைக்க மாட்டேன்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் வரிசை. முன்பே பிரேக்கை விடுவிக்கும் மருந்து எடுத்தவர்களைப் பல டிரயல்கள் சேர்ப்பதில்லை. எம்எம்ஆர் குறைபாடு இல்லாதவர் "போட்டுத்தான் பார்ப்போமே" என்று கைக்காசில் போட்டுக்கொண்ட இரண்டு ஊசி, ஆறு மாதம் கழித்து வரும் டிரயலின் கதவைச் சாத்திவிடலாம். முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.