டக்… புஸ்… டமார்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை ஒரு விநோதமான மான் வேட்டைப் பருவம் உண்டு. 1974இல் ஆரம்பித்தது. மாநிலத்தின் பெரும்பகுதியில் அந்த நாட்களில் தோட்டா போடும் துப்பாக்கிக்கு இடமில்லை. குழல் வாய் வழியே வெடிமருந்தையும் குண்டையும் போட்டு இடித்து, சிக்கிமுக்கிக் கல்லால் தீ மூட்டுகிற பழைய துப்பாக்கியைத்தான் எடுத்துப் போக வேண்டும். ஈழத்தில் இடியன் துவக்கு என்பார்களே, அந்த வம்சத்தின் முப்பாட்டன்.

2006 முதல் அங்கே 12 வயது நிரம்பாத பிள்ளைகளும் அனுபவமுள்ள பெரியவரோடு வேட்டைக்குப் போகலாம். நடக்கும்போது துப்பாக்கி பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். பிள்ளையை வேட்டைக்குக் கூட்டிப்போவது சரியா என்பது தனிப் பஞ்சாயத்து. நம் ஊரில் மானைச் சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி கம்பி எண்ண வேண்டியதுதான். எனக்குப் பிடித்தது அந்தத் துப்பாக்கியின் வெளிப்படைத்தன்மை. தோட்டாவுக்குள் ஒளிந்திருக்கும் வேதியியல் முழுவதும் இதில் வெட்டவெளியில் நடக்கிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு மூன்று சத்தம் கேட்கும்: டக், புஸ், டமார்.

முதலில் டக். விசையை இழுத்ததும், தோல் துண்டில் பொதிந்த கல்லைக் கவ்வியிருக்கும் ‘குதிரை’ என்கிற சுத்தியல் பாய்ந்து ஒரு எஃகுத் தகட்டைச் சுரண்டுகிறது. பொறி கல்லிலிருந்து வருகிறது என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் எரிவது இரும்பு. கல் கடினமானது, விளிம்பு கூர்மையானது. எஃகிலிருந்து பொடிப்பொடியாகச் சீவி எடுக்கிறது. உராய்வில் சூடேறிய அந்தத் தூள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. கத்திக்குச் சாணை பிடிக்கும்போது பறப்பதும் இதே பொறிதான்.

அடுத்தது புஸ். அடி வாங்கிய தகடு குழல் வாய்ப் பக்கமாக முன்னுக்குச் சாய, அதன் கீழே மூடியிருந்த சிறு கிண்ணம் திறக்கிறது. அதில் ஒரு சிட்டிகை நைசான கருமருந்து. பொறி விழுந்ததும் அது குப்பென்று எரிந்து, குழலின் பக்கவாட்டில் உள்ள ஊசித்துளை வழியாக உள்ளிருக்கும் பெரிய மருந்துக்குச் சூட்டைக் கடத்துகிறது. துளை திறந்திருந்தால் சூடு நேராகப் பாயும். அதற்குள் மருந்து அடைத்துக்கொண்டால், பட்டாசுத் திரி மாதிரி அது எரிந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சில சமயம் கிண்ணத்து மருந்தோடு எல்லாம் அடங்கிவிடும், அசல் புஸ்வாணம். அப்போது துப்பாக்கியைத் திருப்பக் கூடாது. உள்ளே கனல் இருந்து தாமதமாக வெடிக்கலாம். குறைந்தது ஒரு நிமிடமாவது குழல் வேட்டைத் திசையையே பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் டமார். கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரி எரிபொருள், வெடியுப்பு ஆக்சிஜனைத் தருகிறது, கந்தகம் சீக்கிரம் பற்றிக்கொள்ள உதவுகிறது. அரை அங்குலக் குழலுக்கு ஏறக்குறைய 5 கிராம் மருந்து போதும். அதன் மேல் சுமார் 11.5 கிராம் எடையுள்ள ஈய உருண்டை, எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் பொதிந்து இறங்குகிறது. குண்டு குழலைவிடக் கொஞ்சம் சிறியது. துணியோடு சேர்ந்தால் கொஞ்சம் பெரியது. அதனால் துணி நசுங்கி, குழலின் உள்ளே செதுக்கிய சுருள் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழல வைக்கிறது.

இடிக்கும் கோலில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார்ந்தால் அந்தக் கோடு குழல் வாய்க்குச் சரியாக நிற்கும். கோடு மேலே தெரிந்தால் நடுவில் இடைவெளி இருக்கிறது என்று பொருள். அப்படியே சுட்டால் குழல் புடைத்துவிடலாம், வெடிக்கவும் செய்யலாம்.

மானுக்கு இந்த டக் கேட்டுவிடாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மான் 50 மீட்டரில் நிற்கிறது. குளிர்காற்றில் ஒலி அங்கே போக 0.15 வினாடி ஆகும். கல் மோதியதிலிருந்து குண்டு கிளம்ப 0.07 வினாடி, மானை எட்ட இன்னும் 0.1 வினாடி என்று வைத்தால் மொத்தம் 0.17. ஆக, டக் முந்திவிடுகிறது, ஆனால் வெறும் 0.02 வினாடி. அதற்குள் எந்த மானும் துள்ளாது. சிக்கல் சுடுகிறவருக்குத்தான். கன்னத்துக்கு அருகே தீ எழுந்ததும் உடம்பு தானாக அதிரும். குண்டு வெளியேறும்வரை அசையாமல் நிற்பதற்கே தனிப் பழக்கம் வேண்டும்.

ஊசித்துளை வலப்பக்கம் இருப்பதால் தீயும் வலப்பக்கமே பீய்ச்சியடிக்கும். எனவே பிள்ளையின் இடம் சுடுகிறவருக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால். கண்ணாடியும் காது மூடியும் கட்டாயம்.

சுட்டதும் வெள்ளைப் புகை திரைபோட்டு மானை மறைத்துவிடும். எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையாகப் போக, மீதி குழலில் படிகிறது. அந்தப் படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருவாக்கும். அதனால் அன்று இரவே குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஊற்றும் வேலை பிள்ளைக்கு. மை மாதிரிக் கறுப்பாகத் தண்ணீர் வரும், கூடவே அழுகிய முட்டை நாற்றமும்: படிவிலுள்ள சல்பைடு நீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு ஆகிறது. பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு சமையலறையை விட்டு ஓடும். தண்ணீர் தெளியும்வரை பெரியவர்தான் மீதியை ஊற்றியாக வேண்டும்.