பேய் வீடு பார்க்கப் போனால் ஒரு பென்சிலும் கொண்டு போங்கள்

"வீட்டில ஒரு குறையும் இல்லை தம்பி, விலையைக் கேட்டா நீங்களே சிரிப்பீங்கள்" என்று தரகர் போனில் சொன்னபோதே விஷயம் விளங்கிவிட்டது. ஹங்வெல்லை தாண்டி உள்ளே, றப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு ஏக்கர் காணியோடு பழைய கல்வீடு. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்று அறை ஃபிளாட் வாங்கும் காசில் பாதிகூட வராது. வாங்க நினைத்தவர்களும் வெள்ளவத்தைக் குடும்பம்தான். ஓய்வு பெற்றபின் மிளகு நடவும் கோழி வளர்க்கவும் ஆசை. ஊரில் அந்த வீட்டுக்கு 'பெரேத கெதர' என்று பெயர். பேய் வீடு.

நான் கட்டடப் பொறியியலாளர். பழைய வீடுகளை வாங்குமுன் பார்த்து அறிக்கை கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பேய் என்ற சொல்லை அறிக்கையில் எழுத முடியாது. ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று வீடாவது அந்தச் சொல்லோடுதான் என்னிடம் வருகிறது. முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஹங்வெல்லை வீட்டில் காவலுக்கு இருந்தது ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பம். அந்த அக்கா குசினி வாசலில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். "ராத்திரி எட்டு மணிக்கு மேல மேல்சீலிங்ல யாரோ நடக்குறாங்க சார். அப்பப்ப பூ வாசம் வரும். பின் ரூம் கதவு தானாத் தொறக்கும். போன மாசம் கெணத்துத் தண்ணி ரத்தமாப் போச்சு." நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னொன்றும் காட்டினார்: முன் அறையில் ஒரு மூலை, நடுப்பகலிலும் ஜில்லென்று இருக்கும் இடம்.

மூலையில் தொடங்கினேன், ஏனென்றால் அது சுலபம். கொழும்புப் பக்கப் பழைய வீடுகள் நிறையவே கபுக் என்று நாம் சொல்லும் செம்புரைக் கல்லால் கட்டியவை. மண்ணிலிருந்து வெட்டும்போது கோடரிக்கு வழிவிடும் மென்மை, காற்றுப்பட்டால் இறுகிவிடும். ஆனால் உள்ளே எல்லாம் துளை. நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். பழைய ஆட்கள் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள், ஈரம் மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்தது. இடையில் வந்த யாரோ பலத்துக்கு என்று சீமெந்து பூசியிருக்கிறார்கள். அத்தோடு ஈரம் சிறைப்பட்டுவிட்டது. அந்த மூலையில் மட்டும் பூச்சு விழுந்து கல் வெளியே தெரிந்தது. உள்ளே தேங்கிய ஈரமெல்லாம் அந்த வழியாகக் காய்கிறது, காயும் சுவர் குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பூச்சு நடு இரவில் பலகை பலகையாக விழுந்து சத்தம் போடுவதும் அதே கதை.

மேலே நடந்தவர் மரநாய். சீலிங் பலகையைத் தூக்கி டோர்ச் அடித்தால் மூலையில் எச்சக் குவியல், அதில் கித்துள் பனையின் விதைகள் முழுசாக. கொழும்பு நகருக்குள்ளேயே, கறுவாத்தோட்டத்துப் பங்களாக்களிலும்கூட, ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் குடியிருக்கும் பிராணி இது. பூ வாசத்துக்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். மரநாய்க்கு வாசனைச் சுரப்பி உண்டு. நம் நாட்டுக்கே உரிய பொன்னிற வகைக்குச் சிங்களத்தில் 'சப்புமல் கலவெத்தா' என்றே பெயர்; சப்புமல் என்றால் செண்பகப் பூ. இருட்டில், ஆளில்லாத வீட்டில், திடீரென்று செண்பகம் மணத்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

கதவும் கிணறும்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பின் அறைக் கதவு சாத்தினாலும் மெல்லத் திறந்தது. முன் அறைக் கதவு சாத்தவே முடியாமல் இறுகி நின்றது. மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்றார் காவல்கார அண்ணன். ஊதின கதவு வெயில் காலத்தில் மறுபடி சரியாகிவிடும். இந்தக் கதவின் மேல் விளிம்பைத் தச்சர் ஒரே வருடத்தில் இரண்டு தரம் சீவியிருந்தார்; சீவிய மரம் இன்னும் வெளிறிப் புதிதாகத் தெரிந்தது. மேலே ஒரு மூலையில் தாள்கூட நுழையாது, மறு மூலையில் என் விரல் நுழைந்தது. கதவு ஊதவில்லை, நிலையே கோணியிருக்கிறது. பையில் எப்போதும் ஒரு போளை வைத்திருப்பேன், பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிப் போளை. தரையில் வைத்தேன். தயங்காமல் பின் சுவரை நோக்கி உருண்டது.

பின்னால் போய்ப் பார்த்தால், வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று ஏழு மாதத்துக்கு முன் பெக்கோ கொண்டுவந்து மேட்டை நேராக வெட்டியிருக்கிறார்கள். தடுப்புச் சுவர் இல்லை, மழைநீர் ஓடக் கான் இல்லை. வெட்டின இடத்துக்கு மேலே ஏறினேன். றப்பர்ச் சருகைக் காலால் தள்ளியபோது நிலத்தில் பிறை வடிவில் ஒரு வெடிப்பு, என் சப்பாத்து முனை உள்ளே போகும் அகலம். பாக்கு மரங்கள் நாலைந்தும் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. கிணற்றில் வந்தது இரத்தம் இல்லை, செம்மண். தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, புது இடத்தில் தண்ணீர் கசிவது, மரமும் வேலித்தூணும் சாய்வது, கதவு யன்னல் இறுகுவது எல்லாம் சரிவு நகரத் தொடங்கியதன் அடையாளங்கள். மண்சரிவு என்றால் பதுளை, நுவரெலியா என்றுதான் கொழும்பில் இருக்கும் நமக்கு நினைப்பு. செய்தியில் எச்சரிக்கைப் பட்டியலைக் கவனித்துப் பாருங்கள்: கொழும்பு மாவட்டமும் வரும், சீதாவக்கை, பாதுக்கை என்று. ஹங்வெல்லை இருப்பது சீதாவக்கைப் பிரிவில்தான்.

பின் அறைச் சுவரில் படிப்படியாக இறங்கிய ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே பென்சிலால் ஒரே நேர்கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் '3 மி.மீ.' என்றும் எழுதினேன். "தினம் காலையில் இதைப் பாருங்க அக்கா. கோடு மாறினா உடனே எனக்குச் சொல்லுங்க. பின் ரூம்ல மட்டும் யாரும் படுக்காதீங்க."

வெடிப்பு பழையதா, இப்போதும் நடக்கிறதா என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. பழைய வெடிப்புக்குள் தூசியும் சிலந்தி வலையும் இருக்கும், சிலவற்றில் பழைய பெயின்டே இறங்கியிருக்கும். நடக்கும் வெடிப்பின் ஓரம் புதிதாக உடைத்த பிஸ்கட் மாதிரி கூர்மையாக இருக்கும். சந்தேகம் என்றால் பென்சில் போதும்.

நான் சிரிப்பதை விட்ட கதைக்கு வருகிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. கொட்டாஞ்சேனையில் ஒரு நீளமான பழைய வீடு, நடுமுற்றத்தை மேலே ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். அந்த வீட்டு மகள் எனக்குத் தெரிந்தவர். "அம்மம்மா செத்துப்போன தாத்தாவை நாற்காலியில காணுறா, எனக்கும் காலடிச் சத்தம் கேக்குது, எல்லாருக்கும் தலையிடி, ஒருக்கா வந்து பாக்கிறீங்களா" என்று கேட்டார். பழைய ஓடு, வெயில் இறங்கினால் சத்தம் போடத்தான் செய்யும் என்று போனிலேயே சிரித்து முடித்துவிட்டேன். இரண்டு நாளில் நான்கு பேரும் ஆஸ்பத்திரியில். ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது டாக்டர். கேட்டிருக்க வேண்டியது நான். மூடிய நடுமுற்றத்தில் வைத்திருந்தார்கள், மழையில் நனையக்கூடாது என்று. எல்லோரும் பிழைத்தார்கள். பிறகு ஒருநாள் உட்கார்ந்து, தாத்தா வந்த நேரங்களை மின்வெட்டு அட்டவணையோடு ஒப்பிட்டோம். தாத்தா ஒருநாளும் கரண்ட் இருந்த நேரத்தில் வரவில்லை.

ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் உட்காரும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், மயக்கம், குழப்பம், இல்லாததைக் காண்பது, கேட்பது. 1921-இலேயே வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் இப்படி ஒரு வீட்டைப் பற்றி எழுதினார். பெரிய பழைய வீடு, காலடிச் சத்தம், வெளிறிப்போன பிள்ளைகள், வாடும் செடிகள். கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகை அறைகளுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. நம்மிடம் அந்த உலை இல்லை. ஜெனரேட்டரும் கரிச்சட்டியும் இருக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே போனால் தெளிகிறதென்றால் யன்னலைத் திறக்கக்கூட நிற்காமல் வெளியே வாருங்கள், பிறகு 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, திறந்த வெளியில் இருக்கவேண்டும். நனையும் என்றால் அதற்குத் தனியாகக் கூரை போடுங்கள்.

கிணறு 'ஆள் இழுக்கும்' கதையும் இதே வாயுவின் கதைதான். இறைப்பதற்குப் பெற்றோல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். புகை மேலே வர வழியில்லை. இறங்கியவர் சத்தமில்லாமல் சரிகிறார், தூக்கப் போன தம்பியும் சரிகிறார், ஊர் அந்தக் கிணற்றுக்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறது. மெழுகுதிரியை இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைந்திருந்தால் காட்டும். கார்பன் மொனொக்சைட்டைக் காட்டாது, திரி நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே ஆள் போய்விடலாம். எந்த எஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்கவேண்டாம். விழுந்தவருக்குப் பின்னால் யாரும் இறங்கவும் வேண்டாம், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும். கொழும்பில் தீயணைப்புப் படைக்கு 110.

ஈரச் சுவரைத் தொட்டால் கை சுர்ரென்று இழுக்கிறது என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அது பழைய வயரிலிருந்து கசியும் மின்சாரம். மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே விழவேண்டிய ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்; அழுத்தியும் விழவில்லை என்றால் அது சுவரில் இருக்கும் அலங்காரம், அவ்வளவுதான்.

யூடியூப் பார்த்த இளைஞர்கள் காதுக்கு எட்டாத ஒலியைப் பற்றிக் கேட்பார்கள். 1998-இல் விக் டான்டி என்ற பிரித்தானியர், ஆய்வுகூடத்து மின்விசிறி ஒன்றின் ஏறக்குறைய 19 ஹேர்ட்ஸ் அதிர்வுதான் தனக்குச் சாம்பல் உருவத்தைக் காட்டியது என்று எழுதினார். சுவாரசியமான கதை. என் அனுபவத்தில் கொழும்பு வீடு எதிலும் அந்தப் பேயைச் சந்தித்ததில்லை. அதற்காக மீட்டர் வாங்கும் காசில் கூரையின் மழைநீர்ப் பீலியைச் சரிபண்ணலாம்.

தேசிக்காய் வெட்டுவதையோ நூல் கட்டுவதையோ நான் தடுப்பதில்லை. என் அம்மாவே எனக்குத் தெரியாமல் சைட்டுக்குப் போகும் பையில் ஒரு தேசிக்காய் போட்டுவிடுவார். ஆனால் நல்ல நாள் பார்த்து, ஆளைத் தேடி, சாமான் வாங்கி என்று மூன்று வாரம் போகிறதே, அந்த மூன்று வாரம்தான் எனக்குப் பயம்.

ஹங்வெல்லை வீட்டில் பதினேழாம் நாள் அக்கா போன் எடுத்தார். "சார், நீங்க போட்ட கோடு ரெண்டாப் போச்சு. ஒண்ணு மேல நிக்குது, ஒண்ணு கீழ நிக்குது." மகனின் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளக்கச் சொன்னேன். வெடிப்பு 3 மி.மீ. இருந்தது 8 ஆகியிருந்தது. அன்று வானிலை அறிக்கையும் நன்றாக இல்லை. இருபத்துநான்கு மணிநேரத்தில் 75 மி.மீ. பெய்தால் கண்விழித்திருக்க வேண்டும், 150 தாண்டினால் நிற்கவே கூடாது என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு. அது வெடிப்பு இல்லாத சரிவுக்கும் பொருந்தும் கணக்கு. இங்கே மழையை அளக்கக் காத்திருக்கத் தேவையே இல்லை. "உடுப்பையும் பேப்பர்களையும் மட்டும் எடுத்துக்கிட்டு இப்பவே தங்கச்சி வீட்டுக்குப் போங்க அக்கா" என்றேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கும் கிராம சேவகருக்கும் சொன்னோம்.

அவர்கள் போன நான்காம் நாள் இரவு மேடு இறங்கியது. நான் போய்ப் பார்த்தபோது பின் அறை இல்லை, கட்டிலின் ஒரு கால் மட்டும் செம்மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. முன் பக்கத்து கபுக் சுவர் அப்படியே நின்றது.

வெள்ளவத்தைக் குடும்பம் பிறகு தட்டையான காணியாகத் தேடி மீரிகமைப் பக்கம் போய்விட்டது. போன மாதம் அக்காவிடமிருந்து ஒரு போன். புது வீட்டிலும் இரவில் பூ வாசம் வருகிறதாம். பக்கத்தில் கித்துள் மரம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ரெண்டு இருக்கு சார்."