தூக்கிலிடப்பட்டவன் அல்ல, தொங்குபவன்

குறி பார்க்கப் பயன்படும் டாரோ சீட்டுக்கட்டில் 12ஆம் எண் சீட்டுக்கு ஆங்கிலத்தில் ‘தி ஹேங்டு மேன்’ (The Hanged Man) என்று பெயர். அதைத் தமிழில் ‘தூக்கிலிடப்பட்டவன்’ என்று சொல்லிச் சொல்லியே நிலைக்க வைத்துவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு அடுத்தது கிடைக்காமல் இருக்கும் என் தங்கை, ஒரு காணொளியில் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்க உறங்கவில்லை. அவளைப் பயமுறுத்தியது அந்த மொழிபெயர்ப்புத்தான்.

டாரோ 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். அதை வைத்துக் குறி பார்ப்பது 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவியது. இத்தாலியர் இன்று இந்தச் சீட்டை ‘அப்பேசோ’ என்கிறார்கள், அதாவது தொங்கவிடப்பட்டவன். தூக்கில் செத்தவனுக்கு அவர்களிடம் ‘இம்பிக்காத்தோ’ என்று தனிச்சொல் உண்டு. சீட்டின் பழைய பெயர்களில் ஒன்று ‘துரோகி’. துரோகிகள் தலைகீழாகத் தொங்குவதுபோல் சுவரில் வரைந்து அவமானப்படுத்துவது அந்நாட்டு நகரங்களில் வழக்கமாக இருந்தது.

படத்தைப் பார்த்தாலே போதும். ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் லண்டனில் வெளியான சீட்டில் ஒருவன் தலைகீழாகத் தொங்குகிறான். கயிறு வலது காலில் இருக்கிறது, கழுத்தில் இல்லை. மரத்தில் பச்சை இலை. தலையைச் சுற்றி ஒளிவட்டம். முகத்தில் அமைதி. தமிழில் ‘தூக்கிலிட்டார்கள்’ என்றால் உயிர் போயிற்று என்றுதான் கொள்வோம். போதாததற்கு ‘பட்டவன்’ என்று இறந்தகாலம் வேறு. கதை முடிந்தவனுக்கு வைக்க வேண்டிய பெயர் அது. இந்தச் சீட்டோ பழையது கையை விட்டு, புதியது வராத நடுப்பொழுதில் பொறுத்திருப்பவனைப் பற்றியது. அவசரப்படாதே, பார்க்கும் கோணத்தை மாற்று என்றே சீட்டு பார்ப்பவர்கள் இதற்குப் பலன் சொல்கிறார்கள். ‘மரணம்’ என்ற சீட்டு 13இல்தான் வருகிறது. 12லேயே ஆளைக் கொன்றுவிட்டால் 13க்கு என்ன வேலை?

‘இடைநிறுத்தப்பட்டவன்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதைக் கேட்டால் அலுவலகத்தில் சஸ்பெண்ட் ஆனவர்தான் நினைவுக்கு வருவார். ‘தியாகி’ என்பதோ பலனைப் பெயராக்கும் வேலை. ஆங்கிலத் தலைப்பை மட்டும் பார்த்து, படத்தைப் பாராமல் பெயர்ப்பதால் வரும் கேடு இது. டாரோவில் மட்டுமல்ல, மருந்துச் சீட்டிலும் வங்கிப் படிவத்திலும் இதே கேட்டைப் பார்க்கிறேன்.

நம்மிடம் இதற்கென்றே பிறந்ததுபோல ஒரு சொல் இருந்தது: தூங்கு. பழந்தமிழில் தூங்குதல் தொங்குதலும்தான், தாமதித்தலும்தான். கூடு தொங்குவதால்தான் அது தூங்கணாங்குருவி. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று 672ஆம் குறள் சொல்வது, பொறுத்துச் செய்ய வேண்டியதைப் பொறுத்தே செய் என்று. தொங்கலும் நிதானமும் ஒரே வினைக்குள் அடங்கிய மொழி இது. ஆனால் இன்று ‘தூங்குபவன்’ என்றால் குறட்டைதான் காதில் விழும். வலிந்து மீட்க முடியாது. அதனால் ‘தொங்குபவன்’ என்கிறேன். படம் இல்லாத இடத்தில் ‘தலைகீழாய்த் தொங்குபவன்’ என்று முழுதாகச் சொல்லலாம். நிகழ்காலத்தில் இருக்கும் பெயர். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், உயிரோடு.